எதிர்வீட்டு அக்கா கட்டிய வேப்பிலை

யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. அடுப்பை அணைப்பாள். இதற்கென்றே மடித்து வைத்திருக்கும் காப்பிக் கலர் சேலையை எடுத்துக் கட்டுவாள். வயர் கூடையில் ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, வெந்நீர் ஊற்றிய பிளாஸ்க், ஒரு விசிறி எல்லாம் ஏறும். மதுரை செல்லூரில் எங்கள் சந்து முழுக்க விசைத்தறிகள்தான். அந்தச் சேலை தெருவில் இறங்கிவிட்டால் தறி ஓட்டுகிறவர்கள் வாசலுக்கு வந்து, “யாருக்குக்கா முடியல?” என்று கேட்பார்கள். அக்கா நிற்க மாட்டாள். நடந்துகொண்டே, “வந்து சொல்றேன், பஸ்ஸு போயிரும்” என்பாள்.

படுத்திருப்பவர் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கிடையாது. பால்காரரின் மச்சினன், பழைய வாடகைக்காரரின் சம்பந்தி, ரேஷன் கடை வரிசையில் எப்போதோ முன்னால் நின்ற ஒருத்தி என்று எல்லாருமே அவளுக்கு வேண்டப்பட்டவர்கள். “இதுக்காக அம்புட்டுத் தூரம் போகணுமாக்கா?” என்று கேட்டால், “பாத்துட்டு வந்தாத்தான்த்தா எனக்குச் சோறு எறங்கும்” என்பாள். அதற்கு மேல் நாம் என்ன பேசுவது?

நோயாளியைப் பார்ப்பதில் அவளுக்குச் சில சட்டதிட்டங்கள் உண்டு. கட்டிலில் உட்கார மாட்டாள், தலைமாட்டில் தரையில்தான் உட்காருவாள். என்ன நோய் என்று கேட்க மாட்டாள், என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பாள். பேச்சு இல்லாவிட்டால் காலைப் பிடித்துவிடுவாள். “இதே மாதிரிதான் எங்க மாமாவுக்கும் வந்துச்சு, பாவம்” என்று யாராவது பக்கத்தில் ஆரம்பித்தால், “வாங்கண்ணே, வெளிய ஒரு டீ குடிப்போம்” என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள். கிளம்பும்போது “வாரேன்” என்று மட்டும் சொல்ல மாட்டாள். நோய் கண்ட இடத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் நோயும் திரும்ப வரும் என்பது அவளுடைய திடமான எண்ணம். சத்தமில்லாமல் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது.

ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் வார்டு மாறிப் போய்விட்டாள். முகம் வரை போர்த்திப் படுத்திருந்தவரைத் தனக்குத் தெரிந்தவர் என்று நினைத்து, பாதி சாத்துக்குடிகளை உரித்து வைத்து, காலையும் பிடித்துவிட்டிருக்கிறாள். போர்வையை விலக்கினால் டி. கல்லுப்பட்டிக்காரர் ஒருவர் மலங்க மலங்க விழிக்கிறார். நானாக இருந்தால் வெட்கத்தில் ஓடியிருப்பேன். அக்கா, “யாரா இருந்தா என்ன, உரிச்சதத் தின்னுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மிச்சக் காலையும் பிடித்துவிட்டாள். அவரைப் பார்க்க ஊரிலிருந்து யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், அவர் வீடு திரும்பும்வரை தினமும் போய் வந்தாள். அதன்பிறகு வருஷம் தவறாமல் அவர் தோட்டத்து நிலக்கடலை எங்கள் சந்துக்கு வரும். அன்றைக்கு அவள் உண்மையில் பார்க்கப் போனவர்தான், தன்னை எட்டிப் பார்க்கவில்லை என்று ரொம்ப நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நான் இதற்கெல்லாம் நேர் எதிர். உடம்பு சரியில்லை என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிற ரகம். நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட நோயே தேவலாம் என்று தோன்றும். இப்படிப்பட்டவளுக்குத்தான் நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. கீமோ கொடுத்தார்கள், போனது. பிறகு திரும்ப வந்தது. கடைசியில் சென்னையில் ஒரு புதுச் சிகிச்சை செய்தார்கள். என் ரத்தத்திலிருந்தே வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோயை அடையாளம் கண்டு அடிக்கப் பழக்கி, மறுபடி எனக்கே ஏற்றினார்கள். அவை சொன்ன வேலையைச் செய்தன. கழுத்துக் கட்டிகள் கரைந்தன. ஸ்கேனைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். சிரித்த கையோடு முகத்தை மாற்றிக்கொண்டார்.

“கேன்சர் இப்ப இல்ல. ஆனா அதை அடிச்ச அணுக்கள், கிருமியை எதிர்த்து நிக்கிற நல்ல அணுக்களையும் சேத்து அடிச்சிருச்சு. மத்தவங்களுக்கு நாலு நாள்ல போற சளி, உங்களை ஐசியூவுல கொண்டு போய்ப் படுக்க வைக்கும். எதிர்ப்புச் சக்தி திரும்புற வரைக்கும் யாரையும் பக்கத்துல சேக்காதீங்க. நீங்க பிழைச்சதைக் காப்பாத்துறது இனிமே இதுலதான் இருக்கு.”

என் கணவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டு அக்காவை நினைத்துக்கொண்டேன்.

நினைத்தது போலவே, ஊர் வந்து இறங்கியதும் முதலில் படியேறியது காப்பிக் கலர் சேலைதான். கணவர் மாடிப்படியிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. “என்னையுமா தம்பி?” என்று கேட்டுவிட்டு, கூடையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். ஆனால் அவளைத் தடுத்தவரால் மற்றவர்களைத் தடுக்க முடியவில்லை. பழப்பையோடு வாசலில் நிற்கிறவரை வராதே என்று சொல்ல மதுரைக்காரர் யாருக்கு வாய் வரும்? வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கணவரின் பெரியப்பா துண்டை வாயில் வைத்து இருமிக்கொண்டே, “ஒண்ணும் பயப்படாதம்மா” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் அடித்தது. மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்து சந்து முனையில் நின்றது. பெரிய கிருமி ஒன்றுமில்லை, குழந்தைகளுக்கெல்லாம் வருகிற சாதாரணச் சளிக் கிருமிதான் என்றார்கள். அந்தச் சாதாரணக் கிருமி என்னை ஆக்ஸிஜன் வைத்துப் படுக்கப் போட்டுவிட்டது. புற்றுநோயிடம் தப்பித்து வந்து தும்மலில் போய்ச் சேருவோமோ என்று அங்கே படுத்துக்கொண்டு நினைத்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“எதிர்வீட்டு அக்கா உன்னையப் பாக்கக் கெளம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் போனாக. பஸ்ஸு வந்துச்சு. ஏறாமத் திரும்பி வந்துட்டாக” என்றார் கணவர். நான் நம்பவில்லை. அந்த அம்மாள் வந்த பஸ்ஸை விட்டதாகச் சரித்திரமே கிடையாது.

வீடு திரும்பியதும் கணவர் வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். தயவுசெய்து யாரும் பார்க்க வர வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள், என்னவோ ஏதோ என்று விசாரிக்க மாடிக்கு ஏறி வந்தார்கள்.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, எங்கள் வாசல் நிலையில் ஒரு பெரிய வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டு அந்த அட்டையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அம்மை என்றால் அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்று கணக்கு. வெளி ஆள் உள்ளே போகக் கூடாது. யாருக்கு, எப்படி இருக்கிறது என்று அந்த வாசலில் நின்று கேட்கவும் கூடாது. வீட்டில் தாளிப்பு இல்லை, கறிமீன் இல்லை, மருந்து மாத்திரையும் பெரும்பாலானோர் எடுப்பதில்லை. குணமானவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை இறக்கும்வரை அந்த வாசலைத் தெரு முழுக்க ஒதுங்கித்தான் கடக்கும். டாக்டரம்மாவால் செய்ய முடியாததை அந்தக் கொத்து ஒரே காலையில் செய்துவிட்டது. சொந்தபந்தம் சந்து முனைவரை வந்து, வேப்பிலையைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியது.

எனக்கு ஃபோன் செய்தாள் அக்கா. எதிர் வாசலில் நின்றுகொண்டு, என் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“கேட்டா நீ எதுவும் சொல்லாத. கேக்கவும் மாட்டாக.”

“இல்லாத அம்மைக்கு வேப்பிலை கட்டிருக்கீகளே, உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?”

“இல்லாம என்ன? கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் கட்டுனேன்.” எங்கள் வாசல் வேப்பிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். “அம்மன்கிட்டப் பேசிட்டேன். உன் வீட்டுல நீ தாளிச்சுக்க, கறி தின்னுக்க, உனக்குச் சத்து வேணும். அந்த வெரதத்த நான் இருந்துக்கிறேன். எறக்குற வரைக்கும் என் வீட்டுல கடுகு வெடிக்காது.”

ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா வீட்டுக் கறிக்குழம்பு வாசம் எங்கள் சந்து முழுவதையும் வாசலுக்கு இழுக்கும். அது நின்றுபோனது. கொத்து காயக் காயப் புதுசு கட்டினாள்; இன்னுமா இறங்கவில்லை என்று யாராவது கேட்டால், “அவ எறங்கும்போதுதான எறங்குவா” என்பாள்.

ஆனால் அவள் வேப்பிலை கட்டியதோடு விட்டாளா என்றால் இல்லை. பார்க்க வந்தவர்கள் பார்க்காமல் திரும்புவது அவளுக்கு மனசு கேட்கவில்லை. தன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள். பழத்தோடு தயங்கி நிற்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குப் பதிலாக அவள் விசாரிப்பை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் எனக்கு எல்லாமே கேட்கும்.

“பசி எப்பிடி இருக்கு?” என்று யாரோ கேட்பார்கள்.

“எங்க பசிக்குது? நேத்து ரெண்டு இட்லி. வாயெல்லாம் கசப்பு” என்று அக்கா முனகுவாள். அப்படி ஒரு முனகலை நானே முனகியதில்லை. கேட்டவர் உச்சுக்கொட்டிவிட்டு, கேட்டு முடித்த திருப்தியோடு கிளம்பிப் போவார். சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தார்கள். அக்காவும் கூட அழுதாள். சாயங்காலம் எனக்கு ஃபோனில் கணக்கு ஒப்பிப்பாள். “இன்னைக்கு உன்னையப் பாக்க உன் சித்தி மக வந்துட்டுப் போனா. நீ எளைச்சுப் போயிட்டியாம். உன் ஆரஞ்சுல ரெண்டு நான் தின்னுட்டேன்.” சிகிச்சை தொடங்கியதிலிருந்து வாய்விட்டுச் சிரிக்காத நான், அந்த நாட்களில்தான் சிரிக்க ஆரம்பித்தேன். ஃபோனை வைக்கும்போது மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பட்டென்று கட் ஆகிவிடும்.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருநாள் வலது விலாப்பக்கம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. சேலை உரசினாலே உயிர் போனது. அடுத்த நாள் அதே இடத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் கிளம்பின. கணவர் பார்த்தவுடன், “இது அக்கி. வேளாரைக் கூப்பிட்டு எழுதுனாச் சரியாப் போயிரும்” என்றார். மண்பானை வனைகிற வேளார் வந்து காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிப் படம் எழுதுவார், அக்கி இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் யாருக்கு அக்கி வந்தாலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. வலியில் எது சொன்னாலும் சரியென்றுதான் படும்.

வேளாரை அழைக்கக் கணவர் வண்டியை எடுத்தபோது அக்கா குறுக்கே வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். அவளுக்கு அக்கி எழுதுவதில் நம்பிக்கை உண்டு. அவளே சின்ன வயசில் எழுதிக்கொண்டவள்தான்.

“அவரு எழுதணும்னா உள்ள வரணும்ல தம்பி?”

“ஆமாக்கா.”

“வரக் கூடாது. யாரும் உள்ள போகக் கூடாதுன்னுதான கட்டிருக்கு? அவருக்கும் சேத்துத்தான். டாக்டருக்குப் போன் போடுங்க, அந்தம்மா சொல்லட்டும்.”

“அக்கா, அவரு வந்து அஞ்சு நிமிசத்துல—”

“நான் போகாம இருக்கேன்ல தம்பி.”

என் கணவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். ஃபோன் போட்டார். கேமராவில் கொப்புளத்தைப் பார்த்த டாக்டரம்மா, இப்போதே மதுரையில் அட்மிட் ஆகுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். உங்கள் உடம்பு இருக்கிற நிலையில் இது கண்ணுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும், மூளைக்கும் போகும் என்றார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “இது வரக் கூடாதுன்னுதான தினமும் ஒரு மாத்திரை குடுத்திருந்தேன்? போடுறீங்களா?”

அந்த மாத்திரை தீர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மற்ற மாத்திரைகளைச் சென்னையிலேயே மொத்தமாக வாங்கி வந்திருந்தோம். அது ஒன்றுதான் உள்ளூர் மருந்துக் கடையிலிருந்து வர வேண்டும். ஃபோனில் சொல்லியும் வரவில்லை. கை நிறைய மாத்திரை விழுங்குகிறவளுக்கு ஒன்று குறைந்தது பெரிதாகத் தெரியவில்லை. விசாரித்தால், கடைக்காரர் பொட்டலத்தோடு எங்கள் வாசல்வரை வந்திருக்கிறார். வேப்பிலையைப் பார்த்திருக்கிறார். அம்மை போட்ட வீட்டுக்குள் மாத்திரையைக் கொடுத்து அம்மனின் கோபத்துக்கு ஆளாவானேன் என்று, பயபக்தியோடு திரும்பிப் போயிருக்கிறார். “தண்ணி ஊத்துனதும் குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்ண்ணே” என்றாராம். மருந்து விற்கிற மனுஷன்.

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அக்காவின் குரலை ஃபோனில் கேட்டேன். அடையாளமே தெரியவில்லை.

“பொய்யாக் கட்டுனேன்ல, அதான் அம்மன் நெசமாவே வந்துட்டா. மாத்திரையையும் நான்தான் மறிச்சிருக்கேன். உன்னையக் காப்பாத்துறேன்னு கெளம்பி இப்பிடிப் பண்ணிட்டேனேத்தா.”

நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், பக்கத்தில் நின்ற மதுரை டாக்டரிடம் ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைக் கொடுத்தேன். அவர் இளவட்டம், பொறுமைசாலி. “அம்மா, இது வெளிய இருந்து புதுசா வந்தது இல்ல. இவங்களுக்குச் சின்னப் பிள்ளையில அம்மை போட்டிருக்கு. அப்ப வந்த அதே கிருமி போகவே இல்ல. நரம்புக்குள்ள போய்த் தூங்கிட்டு இருந்துச்சு. இப்ப எதிர்ப்புச் சக்தி கொறஞ்சதும் எந்திரிச்சிருச்சு. மாத்திரை போட்டிருந்தா பெரும்பாலும் தூங்கிட்டே இருந்திருக்கும். இனிமே விடாமப் போட்டாச் சரி” என்றார்.

“தூங்கிட்டு இருந்துச்சா?” என்று அக்கா ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“அப்ப நான் வேப்பிலை கட்டும்போதே அவ அந்த வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். “அப்படியும் சொல்லலாம்மா” என்றார்.

“அப்ப நான் கட்டுனது பொய்யில்ல” என்றாள் அக்கா. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. “மாத்திரைக்கு மட்டுந்தான் நான் பொறுப்பு. அதப் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டாள். அன்றே மருந்துக் கடைக்குப் போய், இனிமேல் எல்லாப் பொட்டலமும் தன் வீட்டுக்கே வர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தாள். கடைக்காரர் எடுத்து வைத்திருந்த பொட்டலத்தை அப்போதே அவள் கையில் கொடுத்தாராம். நான் வீடு திரும்பியபின், என் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும், மாத்திரை ஏறும். தினமும் காலையில் எதிர் வாசலில் நின்று, நான் வாயில் போட்டு விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டும்வரை நகர மாட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கும். இந்த வயசில் தெருவைப் பார்த்து நாக்கை நீட்டுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாளும் நீட்டாமல் விட்டதில்லை.

இப்போது அக்கா செல்லூரில் இல்லை. பேரையூரில் மகள் வீட்டோடு போய்விட்டாள். அந்த ஊரில் யார் படுத்தாலும் தலைமாட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேப்பிலை இறக்கிய நாள்தான்.

எதிர்ப்புச் சக்தி ஓரளவு திரும்பிவிட்டது, சளி காய்ச்சல் இல்லாதவர்கள் ஒவ்வொருவராகப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்கா தெருவில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அவளே வந்து கொத்தை இறக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் கடுகு வெடிக்கும் வாசம் வந்தது. அப்புறம் காப்பிக் கலர் சேலை வெளியே வந்தது. கையில் அதே வயர் கூடை. தறிகள் நின்றன.

“யாருக்குக்கா முடியல?”

“யாருக்கும் முடியாம இல்ல. நல்லாயிட்டவளப் பாக்கப் போறேன்.”

நான் கட்டிலின் தலைமாட்டில் பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தேன். படியேறும் சத்தம் கேட்டது. யாராவது வருகிறார்கள் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிற நான், அன்றைக்கு எழுந்து கதவைப் பார்த்து நின்றேன். பாதிப் படியில் ஒரு தும்மல். சத்தம் நின்றுவிட்டது.

“அக்கா, வாங்க.”

“தும்மிட்டேன்த்தா.”

“தறிப் பஞ்சா இருக்கும்க்கா. இல்ல, கடுகு நெடியா இருக்கும். வாங்க.”

“இருக்கும். தடுமமாவும் இருக்கும்.”

நான் கதவைத் திறப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். படியில் கூடை மட்டும் இருந்தது. பிளாஸ்க் சூடாக இருந்தது. ஜன்னலுக்கு ஓடினேன். இத்தனை மாதம் இந்த ஒரு படிக்கட்டுக்காகக் காத்திருந்தவள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

தன் வாசலில் ஏறித் திரும்பி என்னை நிமிர்ந்து பார்த்தாள். தலைப்பை எடுக்காமலே கையைத் தூக்கி ஆட்டினாள்.

“தடுமம் விட்டதும் வாரேன்” என்றாள்.